டிங்கர் சொன்னதில் பாதி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, முருகா என்று ஒரு வரி எழுதி, அதோடு மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுத வரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. எழுதிவிட்டால் என் தப்பு தாளில் நின்றுவிடும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. திருப்பரங்குன்றத்து முருகனிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். சாமியிடம் சொல்வது சுலபம். குறுக்குக் கேள்வி வராது. மனுஷரிடம் சொல்வதற்குத்தான் இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

நான் மதுரையில் ஒரு நூல் வியாபாரி வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் டிரைவராக இருந்தேன். முதலாளி சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, கடையில் தமிழ். கப்பலூரில் அவருக்கு நூல் முறுக்குகிற சின்ன ஆலை ஒன்று இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அம்பாசடரில் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். திருப்பரங்குன்றம் மலை கண்ணில் பட்டதும் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பின்சீட்டில் அவரும் போட்டுக்கொள்வார். அவர் குலதெய்வம் பெருமாள்தான், ஆனாலும் மலையைத் தாண்டும்போது சும்மா இருக்கமாட்டார்.

டிரைவர் வேலைக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஓட்டுகிறவன் முதலாளியின் பேச்சைக் காதால் கேட்பதைவிடக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பான். நெற்றி சுருங்கியிருந்தால் ஒரு பதில், சிரித்தால் ஒரு பதில். "இந்த ரோட்டப் பாரு, ரோடா இது?" என்றால் "ரோடா முதலாளி இது" என்பேன். "பரவால்ல, போன வருசத்துக்கு நல்லா போட்ருக்கான்" என்றால் "அம்புட்டு மோசமில்ல முதலாளி" என்பேன். இதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன்.

வண்டிகளைப் பற்றி மட்டும் நான் சொந்தமாகப் பேசுவேன். தொண்ணூறுகளில் புதுப் புதுக் கார்கள் வர ஆரம்பித்த சமயம் அது. கல்யாண மண்டப வாசலில் முதலாளிமார் சாப்பிட்டு வரும்வரை நாங்கள் டிரைவர்கள் ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சுற்றி வந்து குறை சொல்லுவோம். இது முட்டை மாதிரி இருக்கிறது, அதற்கு முகம் சரியில்லை, இதன் பின்பக்கம் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது என்று. நான் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அது முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் அவர் என்னிடம் கேட்டார்.

முதலாளிக்கு ஒரே மகன். படிப்பில் கெட்டிக்காரர். ஆலையைப் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர் வடக்கே போய்ப் படம் வரைகிற படிப்புப் படித்தார். அங்கிருந்து வெளிநாடு. அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு வருஷம் பேச்சே இல்லை. அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிவிட்டு, அங்கே உள்ளதை இங்கேயும் இங்கே உள்ளதை அங்கேயும் சொல்லுவார். சின்னவருக்கு என்ன உத்தியோகம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ கம்பெனியில் டிராயிங் போடுகிறார் என்று தெரியும். மிஷினுக்குப் போடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலை முதலாளி ஒரு துண்டில் எதையோ சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. பசுமலை தாண்டியதும் அவரே துண்டைப் பிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கார். பொம்மைக் கார் என்று சொல்ல முடியாது. முழங்கையில் இருந்து விரல் நுனி வரைக்கும் நீளம். சாம்பல் நிறம். எந்தக் கம்பெனிப் பேரும் இல்லை. இரண்டே கதவு. முன்னால் பானெட் நீளமாகப் போனது. கூரை முன்கண்ணாடிக்கு மேலே ஆரம்பித்து, பின்னால் கடைசி வரைக்கும் ஒரே கோடாக இறங்கியது.

"வண்டிய ஓரமா நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன்.

"இது வெளிநாட்டுல புதுசா வரப்போற வண்டியாம். மாதிரி அனுப்பியிருக்காங்க. கிராண்ட் டூரிங்னு பேராம். ரெண்டு பேர் உக்காந்து நாள் முழுக்க அலுக்காம ஓட்டிட்டுப் போறதுக்காம். பணக்காரனுக்குப் பண்ணது."

"சரிங்க முதலாளி."

"என்ன வண்டி இது? மூக்கு இம்புட்டு நீளமா இருக்கு. குடும்பத்தோட எங்கிட்டுப் போறது? கிறுக்குப் பயக செஞ்ச வண்டி மாதிரி இருக்கு. நீ என்ன சொல்ற?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுருங்கி, உதடு பிதுங்கி இருந்தது. பத்தொன்பது வருஷமாகப் படித்த முகம். அவருக்குப் பிடிக்கவில்லை என்று தீர்மானம் பண்ணிவிட்டேன்.

"ஆமாங்க முதலாளி. நம்ம ஊருக்கு ஆகாது."

"ஊர விடு. வண்டி எப்படி? பாக்க எப்படி இருக்கு?"

"பின்பக்கம் சரியில்லைங்க. யாரோ மேல ஏறி உக்காந்து அமுக்குன மாதிரி இருக்கு."

அவர் வண்டியை மடிக்கு இழுத்துக்கொண்டார். துண்டைத் திரும்பச் சுற்றினார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லாப் பாத்துத்தான் சொல்றியா?" என்றார்.

"பாத்துத்தான் சொல்றேன் முதலாளி. முகமும் முழிக்குது."

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த வண்டி எனக்குப் பிடித்திருந்தது. அவர் துண்டைப் பிரித்தபோது ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அந்தக் கூரையில் எண்ணெய் மாதிரி வழிந்து இறங்கியது. எங்கேயும் தடங்கவில்லை. அத்தனை வருஷம் மண்டப வாசல்களில் நான் பார்த்த எந்த வண்டிக்கும் அப்படி ஒரு முதுகு கிடையாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதலாளி மட்டம் தட்டிய பொருளை டிரைவர் எப்படி மெச்சுவான்? இதுதான் அன்றைக்கு என் புத்தி.

சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்டதும் போவார் என்று பார்த்தால், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பழங்காநத்தத்துல உனக்கு ஒரு டிங்கர் சிநேகிதன் இருக்கான்ல? பாடி வேலை செய்றவன். அவன்ட்ட இதக் காட்டு. அவன் என்ன சொல்றானோ அத அப்படியே வந்து எங்கிட்டச் சொல்லு" என்றார். 'அப்படியே' என்பதை அழுத்திச் சொன்னார். துண்டோடு என் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

டிங்கர் சோழவந்தான்காரன். விபத்தில் அடிபட்டு வரும் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டின் மேல் ஓட்டினால் நூல் அளவு மேடுபள்ளத்தையும் சொல்லிவிடுவான். நான் போனபோது லாரிக் கதவு ஒன்றைத் தரையில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, கொலுவுக்குப் பொம்மையா?"

"முதலாளிக்கு வந்த மாதிரி வண்டி. எப்படி இருக்குன்னு ஒன்ட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"நீதான் பெரிய வண்டி வாத்தியாராச்சே. ஒன்ட்டக் கேக்கலையா?"

"கேட்டாரு. நல்லால்லைன்னு சொன்னேன்."

"அவரு மொதல்ல நல்லால்லைன்னு சொல்லியிருப்பாரு. அவரு தும்முனா நீ மூக்கத் தொடைக்கிறவன்தானே."

சிரித்துக்கொண்டே கையை வேஸ்ட் துணியில் துடைத்தான். அது போதாது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். வண்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். கூரையில் இருந்து பின்பக்கம் வரை விரலை ஓட்டினான். திரும்ப ஓட்டினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பட்டறையில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள், அப்போது தணிந்த குரலில் பேசினான்.

"மாப்ள, இங்க ஆரம்பிக்கிற கோடு அங்க போய்தான் மூச்சு விடுது. நடுவுல எங்கயும் நிக்கல. முப்பது வருசமா நான் தகட்டத் தடவுறேன், இப்படி ஒண்ணு என் கைக்கு வந்ததில்ல. இது அடிபட்டு வந்துச்சுன்னா சுத்தியல் எடுக்க எனக்கு மனசு வராது. இத வரஞ்சவன் யாரோ, பெத்தவங்க குடுத்து வச்சவங்க."

"நெசமாவா சொல்ற?"

"கதவு மட்டும் கொஞ்சம் நீளம். சந்துல தொறந்து எறங்க முடியாது. அது ஒண்ணுதான் கொற. அதையும் சொல்லு. ஆனா மத்ததயும் சேத்துச் சொல்லு."

திருப்பிக் கொடுக்கும்போது வண்டியின் அடியில் ஒரு கறுப்புத் தீற்றலைப் பார்த்தான். "மை மாதிரி இருக்கே" என்றான். "கிரீஸா இருக்கும்" என்று நான் வேஸ்ட் துணியை வாங்கி அழுத்தித் துடைத்தேன். சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு.

மறுநாள் காலை முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். எந்நாளும் நான்தான் அவருக்குக் காத்திருப்பேன்.

"என்ன சொன்னான்?"

வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். டிங்கர் மெச்சினான் என்று சொன்னால், நேற்று நீ சொன்னது என்னடா என்று கேட்பார். அவருக்குப் பிடிக்காததை அவன் புகழ்ந்தான் என்று சொல்வது அவரையே குறை சொல்கிற மாதிரி ஆகும். இரண்டு பக்கமும் சேதம் இல்லாமல் ஒன்றைச் சொன்னேன்.

"கதவு நீளமா இருக்குன்னு சொல்றான் முதலாளி. சந்துல தொறக்க முடியாதாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"வேற ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லைங்க."

வார்த்தையாகப் பார்த்தால் டிங்கர் சொன்னதைத்தான் சொன்னேன். பாதியை விட்டுவிட்டேன். முதலாளி துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு ஆலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதற்காக ஹாலுக்கு வெளியே பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. அம்மா பேசவில்லை, முதலாளியே எடுத்தார். இரண்டு வருஷத்தில் அது முதல் தடவை. அவர்கள் பாஷையில்தான் பேசினார். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அந்தப் பாஷை பேச வராதே தவிர நன்றாகவே புரியும். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இங்க வெவரம் தெரிஞ்சவங்க ரெண்டு பேர்ட்டக் காட்டிட்டேன். ரெண்டு பேருமே நல்லால்லைன்னு சொல்லிட்டாங்க. பின்பக்கம் யாரோ அமுக்குன மாதிரி இருக்காம். கதவு தொறக்க முடியாதாம். இதுக்கா ஆலைய விட்டுட்டுப் போன? நாங்க வரல. அத்தன பேர் முன்னாடி வந்து நான் தல குனியவா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேப்பர் கையில் இருந்தது, ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை.

அம்மா வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் கேட்டேன். "அந்த வண்டிய வரஞ்சது அவன்தான்" என்றார். "அந்த ஊர்ல மொத மொதல்ல ஜனங்களுக்குக் காட்டப் போறாங்களாம். வரஞ்சவங்க அப்பா அம்மாவையும் கூப்டலாமாம். ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டான். இவரு ஒரு வாரமா அந்த வண்டியத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குனாரு. பெத்தவன் கண்ணுக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும், வெளியாளு ஒருத்தன் சொல்லட்டும், போய்ட்டு வருவோம்னு சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தாரு. கண்ணு படக்கூடாதுன்னு நான் அடியில மை வச்சு அனுப்புனேன்."

மூன்று மாசத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் விஷயமாக அவரைத் திருச்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றுதான் சொன்னார். அந்த வீட்டில் தன் பிள்ளையைத் தானே புகழ்வது கிடையாது. சின்னவர் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோது, வாழ்த்த வந்தவர்களிடம் "ஏதோ பாஸாயிட்டான்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னவர்தான் முதலாளி. வந்தவர்கள் "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க, பயல் சிங்கம்ல" என்று மறுத்துச் சொல்லச் சொல்ல அவருக்குக் காது குளிர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தான் மட்டம் தட்டினால் கண்ணேறு கழியும், அடுத்தவன் புகழ்ந்தால் அது நிலைக்கும் என்பது அவர் கணக்கு. அந்த முகத்தைத்தான் பசுமலையில் எனக்கும் காட்டினார். நான் மறுத்துச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். எல்லா முகத்தையும் படிப்பவன், அந்த முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன்.

அந்த நிமிஷமே உள்ளே போய்க் காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். போன் சூடு ஆறியிருக்காது. டிக்கெட்டும் கையில் இருந்தது. என் மகளுக்கு அப்போது ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம், வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஆனதும், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று தள்ளினேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். மனசு லேசானது. லேசானதும் முதலாளியிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அவர்கள் போகவில்லை. எட்டு மாசம் கழித்து முதலாளி ஆலையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான்தான் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து ஓட்டினேன். திருநகர் வரும்போதே உயிர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு மலையைப் பார்க்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

சின்னவர் வந்து காரியமெல்லாம் செய்தார். அப்பாவின் பீரோ மேலே அந்தத் துண்டுச் சுருள் இருந்தது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். ஊருக்குத் திரும்பும் நாள், ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் உட்காராமல் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அப்பா ரெண்டு பேர்ட்டக் காட்டுனேன்னு சொன்னாரு. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தால் போதும் என்கிற மாதிரி கேட்டார்.

"தெரியல தம்பி" என்றேன்.

"வெவரமான ஆளுகதான் போல. அவங்க சொன்னதுக்கப்புறம் நான் போய் உத்துப் பாத்தேன். பாக்கப் பாக்க அப்படித்தான் தெரிஞ்சது. பின்பக்கம் அமுக்குன மாதிரி. அங்க எல்லாரும் அந்தக் கோட்டத்தான் நல்லாருக்குன்னாங்க. எனக்குத்தான் பிடிக்காமப் போச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு கோடு நான் போடவே இல்லண்ணே."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். "அம்மாவப் பாத்துக்கங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் உள்ளே போய் மறையும்வரை எனக்கு நேரம் இருந்தது. கண்ணாடிக் கதவு வரைக்கும் நாலு எட்டு நடந்தேன். அதற்கு மேல் போகவில்லை.

அடுத்த வருஷம் அம்மாவையும் அவர் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டை விற்றுவிட்டார்கள், ஆலை கைமாறிவிட்டது. அவர்கள் விலாசம் என்னிடம் இல்லை. நான் இப்போது வாடிப்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். டிங்கர் போன மாசம் காலமானான். "அந்த வண்டியப் பத்தி நான் சொன்னத முதலாளிட்டச் சொன்னியா மாப்ள, என்ன சொன்னாரு?" என்று அவன் என்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறான். "சந்தோஷப்பட்டாரு" என்று சொல்லியிருந்தேன். அவன் அதை நம்பிக்கொண்டே போய்விட்டான். அவன் சொன்ன முழு வார்த்தையும் இப்போது என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் எழுதினேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார் வரைகிற உத்தியோகத்தில், வெளிநாட்டில், மதுரைப் பக்கத்துப் பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள். முதலாளியைக் கல்மனசுக்காரராக ஆக்காதீர்கள். டிங்கரின் பேச்சை அழகுபடுத்துகிறேன் என்று ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள், கதவு நீளம் என்று அவன் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். எழுதியிருப்பது எப்படியோ அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டினால், அதையும் யாராவது எனக்கு அப்படியே வந்து சொல்லுங்கள்.